கோஹனின் ‘டென் நியூ சாங்ஸ்’: எந்த வரி எங்கிருந்து வருகிறது, எங்கே திரும்புகிறது?

நெய்தல் எழுதியது:

கனடியக் கவிஞரும் பாடகருமான லியனார்ட் கோஹன் என்றாலே பேச்சு ‘ஹாலேலூயா’ பாட்டுக்குப் போய்விடுகிறது. எனக்குப் பேச வேண்டியது 2001 அக்டோபரில் வந்த ‘டென் நியூ சாங்ஸ்’ பற்றி. அவருடைய ஆல்பங்களில் பழைய நூல்கள் இவ்வளவு நெருக்கமாகக் குடியிருப்பது இதில்தான் என்று நினைக்கிறேன். மேலோட்டமாகக் கேட்டால் அறுபத்தேழு வயது மனிதர் தாழ்ந்த குரலில் காதல் பாட்டுப் பாடுகிறார் என்று மட்டும்தான் தோன்றும்.

பின்னணியைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். 1992-ல் ‘த ஃப்யூச்சர்’ வந்தது. அதன்பின் லாஸ் ஏஞ்சலிஸுக்கு வெளியே பால்டி மலையில் இருக்கும் ஜென் மடத்துக்குப் போய், ஜோஷு சசாகி ரோஷியிடம் சீடராகத் தங்கிவிட்டார். 1996-ல் துறவியாகத் தீட்சை. 1999-ல் மலையிலிருந்து இறங்கியபோது கையில் ஏராளமான வரிகள் இருந்தன. அவற்றைப் பாடகியும் இசையமைப்பாளருமான ஷரோன் ராபின்சனோடு சேர்ந்து தன் வீட்டு ஸ்டுடியோவிலேயே பத்துப் பாட்டுகளாக்கினார்.

அதில் ஏழாவது, ‘அலெக்சாண்ட்ரா லீவிங்’. இதன் மூலம் கவாஃபி 1911-ல் வெளியிட்ட ‘கடவுள் ஆண்டனியைக் கைவிடுகிறார்’ என்ற கவிதை. ஆண்டனி என்பது கிளியோபாட்ராவின் காதலனான ரோமானியத் தளபதி. கவாஃபி அலெக்சாந்திரியாவில் பிறந்து, அங்கேயே நீர்ப்பாசன அலுவலகத்தில் எழுத்தராக வேலை பார்த்து, அங்கேயே இறந்த கிரேக்கர். கவிதை சொல்வது இதுதான்: நள்ளிரவில் கண்ணுக்குத் தெரியாத ஓர் ஊர்வலம் இசையும் குரல்களுமாகக் கடந்து போவது கேட்டால், கைவிட்டுப்போன அதிர்ஷ்டத்தை நினைத்துப் புலம்பாதே. கனவு என்று சொல்லி உன்னையே ஏமாற்றிக்கொள்ளாதே. நெடுங்காலம் தயாராக இருந்தவனைப் போல ஜன்னலருகே உறுதியாகப் போய் நில். கேள். நீ இழந்துகொண்டிருக்கும் அலெக்சாந்திரியாவுக்கு விடைகொடு.

கோஹன் நகரத்தைப் பெண்ணாக்கிவிட்டார். அலெக்சாந்திரியா அலெக்சாண்ட்ரா ஆகிறாள், காதல் தெய்வம் அவளைத் தோளில் தூக்கிக்கொண்டு காவலர்களுக்கு நடுவே நழுவிப் போகிறது. ஜன்னல், இசை, தயாராக இருந்தவன் எல்லாம் அப்படியே இருக்கின்றன. ஆனால் ஓரிடத்தில் மட்டும் பெரிய மாற்றம். கவாஃபியின் ஆண்டனிக்குத் திட்டங்கள் பொய்த்துப் போகின்றன, அதிர்ஷ்டம் நழுவுகிறது. கோஹனின் மனிதனோ தன் திட்டங்களைத் தானே நாசமாக்கியவன். அதனால்தான் அவனிடம், காரணம் விளைவு என்று பேசி ஒளிந்துகொள்ளும் கோழையின் விளக்கத்தைத் தேர்ந்தெடுக்காதே என்று பாட்டு சொல்கிறது. கவாஃபியிடம் இந்தக் குற்றச்சாட்டு கிடையாது.

என் வாதம் இதுதான். இந்த ஆல்பத்தில் அவர் எதை எடுத்தாலும் ஓரிடத்தில் மூலத்தை விட்டு எதிர்ப்பக்கம் திரும்புகிறார். அந்தத் திருப்பத்தில்தான் கோஹன் இருக்கிறார். மற்ற பாட்டுகளில் நீங்கள் கண்டவற்றையும் எழுதுங்கள்.

சாம்பல்நிறம் எழுதியது:

நல்ல தொடக்கம், நெய்தல். ஆனால் இந்தப் பாட்டு விஷயத்தில் எனக்குக் கடுமையான மாற்றுக் கருத்து உண்டு.

கவாஃபியின் கவிதை பெரியதாக இருப்பதற்குக் காரணமே அது நகரத்தைப் பற்றியது என்பதுதான். ஒரு பெண் பிரிந்து போவதைப் பற்றி உலகத்தில் லட்சம் பாட்டு இருக்கிறது. ஒரு மனிதன் தன் முழு வாழ்க்கையையும், அதாவது அதிகாரம், நண்பர்கள், தெருக்கள், இரவுகள், தோல்வி எல்லாவற்றையும் ஒரே ஊரின் பெயரில் அடக்கி, அந்த ஊருக்கு விடைகொடுப்பதை எத்தனை பேர் எழுதியிருக்கிறார்கள்? கவாஃபி ஆண்டனியின் பெயரைத் தலைப்பில் மட்டும் வைத்துவிட்டுக் கவிதைக்குள் ‘நீ’ என்றே பேசுகிறார். அதனால் அந்த நகரம் யாருடைய நகரமாகவும் ஆகலாம். படிப்பவர் தன் ஊரை அங்கே வைத்துக்கொள்ளலாம். கோஹன் அதில் ஒரு பெண்ணையும் பட்டுப் படுக்கையையும் கொண்டுவந்து வைத்ததும் கதவு சாத்திக்கொள்கிறது.

பாட்டு அழகாக இருக்கிறது, மறுக்கவில்லை. மூலத்தைவிடச் சிறியது என்கிறேன். ‘எதிர்ப்பக்கம் திரும்புகிறார்’ என்று நீங்கள் சொல்வது எனக்கு, தனக்குப் பழக்கமான பக்கம் திரும்புகிறார் என்றுதான் படுகிறது.

கின்னரம் எழுதியது:

நான் சபையில் வேதாகமத்தின் சங்கீதங்களைக் கேட்டே வளர்ந்தவன், அதனால் ஆறாவது பாட்டான ‘பை த ரிவர்ஸ் டார்க்’ பற்றிச் சொல்கிறேன்.

சங்கீதம் 137 நம்மில் பலருக்குப் போனி எம் இசைக்குழுவின் பாட்டு வழியாகத் தெரியும். எருசலேம் விழுந்து, யூதர்கள் பாபிலோனுக்குச் சிறைபிடித்துப் போகப்பட்ட காலத்தின் அழுகை அது. தமிழ் வேதாகமத்தில் பாபிலோன் ஆறுகள் அருகே உட்கார்ந்து சீயோனை நினைத்து அழுதார்கள், அலரிச்செடிகளின்மேல் கின்னரங்களை, அதாவது யாழ் போன்ற வாத்தியங்களை, தூக்கிவைத்தார்கள். சிறைபிடித்தவர்கள் பாடச் சொல்லிக் கேட்கிறார்கள். அந்நிய தேசத்தில் கர்த்தரின் பாட்டை எப்படிப் பாடுவது என்கிறார்கள். பிறகு அந்தச் சபதம்: எருசலேமே, நான் உன்னை மறந்தால் என் வலதுகை தன் தொழிலை மறப்பதாக.

கோஹன் பாட்டில் வருகிறவன் அந்தச் சபதத்தை உடைத்தவன். இருண்ட ஆறுகளின் ஓரம் அலைந்தான், பாபிலோனிலேயே வாழ்ந்தான், தன் புனிதப் பாட்டை மறந்தான். எடுத்த எடுப்பிலேயே ஒத்துக்கொள்கிறான். இருட்டில் யாரோ ஒருவர் அவனைத் தாக்கி, இந்த இருதயம் உன்னுடையது அல்ல என்கிறார், அவன் திருமண மோதிரத்தைக் காற்றுக்குக் கொடுத்துவிடுகிறார். அப்புறம் அந்த மரம் வருகிறது. சங்கீதத்தில் கின்னரம் தொங்கிய மரம் இங்கே பட்டுப்போன கிளையாக நிற்கிறது. அவன் அந்தக் கிளையிலிருந்தே பாட்டை எடுக்கிறான். பாட்டும் மரமும் தன்னைத் தாக்கிய அவருக்காகவே பாடுகின்றன என்கிறான்.

முடிவில்தான் எனக்கு உடல் சிலிர்க்கும். சங்கீதக்காரனின் சபதம் அதே வடிவத்தில் வருகிறது, ஆனால் ஊர் மாறிவிடுகிறது. எருசலேமை மறந்தால் என்று அல்ல, என் பாபிலோனை மறந்தால் என்று.

இதை அவமதிப்பாகப் படிப்பவர்கள் உண்டு. எனக்கு அப்படித் தோன்றவில்லை. எரேமியா 29-ஆம் அதிகாரத்தைப் பாருங்கள். பாபிலோனில் இருக்கும் சிறைப்பட்டவர்களுக்குத் தீர்க்கதரிசி கடிதம் எழுதுகிறார்: வீடு கட்டுங்கள், தோட்டம் போடுங்கள், பிள்ளைகளைப் பெறுங்கள், அந்தப் பட்டணத்தின் சமாதானத்துக்காக ஜெபம் பண்ணுங்கள். பாபிலோன் வெறும் தண்டனைக்கூடம் இல்லை. யூத மரபின் மாபெரும் நூலான பாபிலோனியத் தல்மூத் அங்கே வாழ்ந்தவர்கள் உண்டாக்கியதுதான். கோஹனின் தாய்வழித் தாத்தா தல்மூத் அறிஞர். அந்த வீட்டுப் பிள்ளைக்குப் பாபிலோனிலிருந்தும் வேதம் வரும் என்று யாரும் சொல்லிக்கொடுத்திருக்க வேண்டியதில்லை.

மழைநாள் எழுதியது:

எல்லாவற்றையும் படித்தேன். ஒரு கேள்வி. நான் இந்த ஆல்பத்தைப் பல வருடங்களாகக் கேட்கிறேன். கவாஃபி யார் என்று தெரியாது, சங்கீதம் 137 தெரியாது. ஆனாலும் ‘அலெக்சாண்ட்ரா லீவிங்’ கேட்டு அழுதிருக்கிறேன். அப்போது எனக்குக் கிடைத்தது குறைவானதா? மூலம் தெரிந்தவர்களுக்குத்தான் பாட்டு முழுசாகத் திறக்கும் என்றால் அது பரீட்சை மாதிரி ஆகிவிடாதா? கோபத்தில் கேட்கவில்லை, உண்மையாகவே தெரிந்துகொள்ள ஆசை.

நெய்தல் எழுதியது:

மழைநாள், உங்களுக்குக் கிடைத்தது குறைவானது இல்லவே இல்லை. பாட்டு முதலில் பாட்டாக நிற்க வேண்டும். இந்தப் பத்தும் அப்படி நிற்கின்றன. மூலம் தெரிந்தபின் சோகம் அதிகமாகிவிடாது. சோகத்துக்கு அடியில் ஒரு முடிவு எடுக்கப்பட்டிருக்கிறது என்பது தெரியவரும். சங்கீதத்தைத் தெரியாமல் கேட்டால் கடைசி வரி ஒரு பிடிவாதம். தெரிந்து கேட்டால் அதே வரி ஒரு சபதத்தின் இடத்தில் வைத்த இன்னொரு சபதம். இரண்டுமே அந்தப் பாட்டில் உண்மைதான்.

சாம்பல்நிறம், உங்கள் கருத்தை யோசித்தேன். ஆனால் கவாஃபிக்கு முன்னால் போய்ப் பாருங்கள். கவாஃபி இதைப் பழங்காலக் கிரேக்க எழுத்தாளர் புளூட்டார்க்கிடமிருந்து எடுத்தார். கி.மு. 30. ஆண்டனியின் எதிரியான ஆக்டேவியனின் படை அலெக்சாந்திரியாவின் வாசலில் நிற்கிறது. இரவின் நடுவில், ஊரே பயந்து அமைதியாக இருக்கும்போது, இசைக்கருவிகளும் கூத்தும் கும்மாளமுமாக ஒரு கூட்டம் நகரத்தின் குறுக்கே நடந்து, எதிரி இருக்கும் பக்கத்து வாசல் வழியாக வெளியே போவது மாதிரி சத்தம் கேட்டதாம். ஆண்டனி தன்னை யாரோடு ஒப்பிட்டுக்கொண்டானோ அந்த டயோனிசஸ் தெய்வம்தான் அவனை விட்டுப் போகிறது என்று ஜனங்கள் அர்த்தம் எடுத்துக்கொண்டார்கள் என்கிறார் புளூட்டார்க்.

ஷேக்ஸ்பியர் இதை எடுத்தபோது தெய்வத்தை மாற்றினார். ‘ஆண்டனியும் கிளியோபாட்ராவும்’ நாடகத்தில் காவல் நிற்கும் சிப்பாய்கள் பூமிக்கு அடியிலிருந்து வரும் இசையைக் கேட்கிறார்கள், ஹெர்குலிஸ் அவனைக் கைவிடுகிறான் என்கிறார்கள். மதுவுக்கும் ஆடலுக்குமான தெய்வத்தை எடுத்துவிட்டு வீரத்தின் தெய்வத்தை வைத்தார், ஏனென்றால் அவர் நாடகத்தில் ஆண்டனி இழப்பது தன் வீரத்தை. கவாஃபி தெய்வத்தைத் தலைப்போடு நிறுத்திவிட்டார், கவிதைக்குள் போவது நகரம். கோஹனிடம் வரும்போது அது காதலின் தெய்வம்.

ஆக இரண்டாயிரம் வருடமாக இந்தக் கதையைத் தொட்ட ஒவ்வொருவரும், அந்த ராத்திரி வாசலைத் தாண்டிப் போனது எது என்ற கேள்விக்குத் தன் பதிலை எழுதியிருக்கிறார்கள். கவாஃபியிடம் கோஹன் கைவைத்ததைக் குறை என்றால் ஷேக்ஸ்பியர் புளூட்டார்க்கிடம் செய்ததையும் குறை என்றுதான் சொல்ல வேண்டும்.

இன்னொன்று. பாட்டில் போவது பெண் மட்டும் இல்லை. அவளுடைய மாலைப்பொழுதின் கௌரவம் உனக்குக் கிடைத்தது, அதனால் உன் கௌரவம் உனக்குத் திரும்ப வந்தது என்று ஒரு இடம் வருகிறது. காதலியிடம் பேசும் மொழியா இது? ஒரு ராஜ்ஜியத்திடம் பேசுவது போல இருக்கிறது.

தெருவிளக்கு எழுதியது:

சிங்கப்பூரிலிருந்து எழுதுகிறேன். ஒன்பதாவது பாட்டு ‘பூகி ஸ்ட்ரீட்’ பற்றி யாராவது சொல்வீர்கள் என்று காத்திருந்தேன். அது எங்கள் புகிஸ் தெரு!

புகிஸ் என்பது சுலாவெசியிலிருந்து வந்த கடலோடி மக்களின் பெயர். அந்தத் தெருவின் பெயரைப் பிரிட்டிஷ் சிப்பாய்களும் மாலுமிகளும் ‘பூகி’ ஆக்கிவிட்டார்கள். 50-களிலிருந்து 80-களின் நடுப்பகுதி வரை அது இரவில் உலகப் பிரசித்தி. பகலில் கடைகள், இரவானால் மேசை போட்டுச் சாப்பாடு, குடி, அலங்காரம் செய்துகொண்டு வரும் திருநங்கைகள், அவர்களைப் பார்க்க வரும் வெளிநாட்டுக்காரர்கள். எம்ஆர்டி ரயில் நிலையம் கட்டுவதற்காக அந்தப் பழைய தெரு போய்விட்டது. இப்போது அங்கே ஷாப்பிங் மால் இருக்கிறது. எதிரே மலிவு விலைத் துணிமணி, ஜூஸ், போன் உறை விற்கும் சந்துக்கடைகள்.

பேட்டிகளில் கோஹனே இதைச் சொல்லியிருக்கிறார். பகலில் வியாபாரம், இரவில் உடல் வியாபாரம் என்று இருந்த அந்தத் தெரு அவருக்கு நாம் எல்லோரும் பெரும்பாலான நேரம் வாழும் இடத்தின் பெயர் ஆகிவிட்டது. வேலையும் ஆசையும் ஓடிக்கொண்டிருக்கும் தெரு. எப்போதாவது ஒரு முத்தமோ, குழந்தையின் அணைப்போ, தன்னை மறக்கிற ஒரு நொடியோ நம்மை அங்கிருந்து வெளியே எடுக்கிறது. உடனே திரும்பவும் அதே தெரு.

பாட்டில் அதுதான் நடக்கிறது. ஒளியின் கிரீடமே, இருண்டவனே என்று யாரையோ கூப்பிடுகிறான். ஒரு முத்தம் கிடைக்கிறது. முடிந்தது, மறுபடி பூகி தெரு. ஒரு மிடறு வைன், ஒரு சிகரெட், சின்ன சமையலறையைத் துடைத்து வைப்பது, பழைய பாஞ்சோவுக்குச் சுருதி கூட்டுவது. போக்குவரத்து நெரிசலில் அவனுக்காக ஒரு இடம் காத்திருக்கிறது! கடவுளைப் பார்த்துவிட்டு வந்தவனுக்கு டிராஃபிக்.

இங்கே வந்தவர்களுக்குத் தெரியும். புகிஸிலிருந்து சில நிமிடம் நடந்தால் வாட்டர்லூ தெருவில் ஸ்ரீ கிருஷ்ணன் கோயில், பக்கத்திலேயே குவான் இம் கோயில். சீனர்கள் இரண்டு வாசலிலும் ஊதுபத்தி ஏற்றிக் கும்பிடுவார்கள். வெளியே பூக்கடை, ஜோசியக்காரர், லாட்டரி பற்றிய பேச்சு. கோஹன் அந்தக் கோயில்களைப் பார்த்தாரா என்பது இங்கே முக்கியமில்லை. ஆனால் கிரீடத்தையும் நெரிசலையும் ஒரே பாட்டில் வைக்கலாம் என்று எனக்கு யாரும் விளக்க வேண்டியதில்லை, அந்த வழியாகத்தான் தினமும் வேலைக்குப் போகிறேன்.

கின்னரம் எழுதியது:

தெருவிளக்கு அக்கா, அருமை. அதோடு ஒன்று சேர்க்கிறேன். அந்தப் பாட்டில் ‘நான் நானாகவே இருக்கிறேன்’ என்கிற மாதிரி ஒரு வரி வருகிறதே, அது யாத்திராகமம் 3:14. முட்செடி எரிந்துகொண்டிருக்கும்போது மோசே பெயர் கேட்கிறான், ‘இருக்கிறவராக இருக்கிறேன்’ என்று பதில் வருகிறது. அந்த மகா வாக்கியத்தை எடுத்து, என்னவாக இருக்கிறேன் என்றால் பூகி தெருவுக்குத் திரும்பியவனாக இருக்கிறேன் என்று முடிக்கிறார். கிரீடம் என்பதும் கபாலா என்ற யூத மறைஞான மரபில் மிக உச்சியில் இருக்கும் படிக்குப் பெயர், கெத்தெர். உச்சியிலிருந்து நேராகத் தெருவில் இறங்குகிறார், நடுவில் படியே இல்லை.

நெய்தல் சொன்னது இங்கேயும் பொருந்துகிறது. கடவுள் தன்னைப் பற்றிச் சொன்ன வாக்கியத்தை மனிதன் தன் தெருவைப் பற்றிச் சொல்லப் பயன்படுத்துகிறான்.

ஒலிப்பெட்டி எழுதியது:

இசைப் பக்கத்திலிருந்து ஒரு குறிப்பு. இதில் பாடல்களுக்கு இசை கோத்ததும் வாத்தியங்களைப் பெரும்பாலும் சின்தசைசரில் தானே வாசித்ததும் தயாரித்ததும் ஷரோன் ராபின்சன். வீட்டில் செய்த முன்மாதிரிப் பதிவுகளின் ஒலியையே கோஹன் விரும்பி வைத்துக்கொண்டார். அப்போது பல விமர்சகர்கள் சப்தம் மலிவாக இருக்கிறது என்றார்கள். நான் அப்படி நினைக்கவில்லை. இத்தனை வேதமும் கவிதையும் உள்ள வரிகளுக்குப் பெரிய ஆர்கெஸ்ட்ராவைப் போட்டிருந்தால் பாட்டு தன் படிப்பைக் காட்டிக்கொள்வது போல் ஆகியிருக்கும். மெல்லிய டிரம் மெஷின், பக்கத்தில் உட்கார்ந்து பேசுகிற மாதிரி குரல், அதன்மேல் அடுக்கடுக்காக ராபின்சனின் குரல். மழைநாள் சொன்ன மாதிரி ஒன்றும் தெரியாதவரையும் உள்ளே விடுவது இந்த ஒலிதான்.

பின்னால் நடந்த கச்சேரிப் பயணங்களில் ‘அலெக்சாண்ட்ரா லீவிங்’கை ராபின்சனே தனியாகப் பாடியிருக்கிறார். சாம்பல்நிறம், அந்தப் பதிவைக் கேளுங்கள். ஒரு பெண் குரலில் ‘அலெக்சாண்ட்ராவுக்கு விடைகொடு’ என்று கேட்கும்போது அது பிரிந்த காதலியைப் பற்றியதாக மட்டும் ஒலிப்பதில்லை. நீங்கள் தேடும் நகரம் அங்கே கொஞ்சம் திரும்பி வருகிறது.

பாதிவழி எழுதியது:

‘எ தவுசண்ட் கிஸ்ஸஸ் டீப்’ பற்றி. போக வேண்டிய மைல்கள் இருந்தன, காப்பாற்ற வேண்டிய வாக்குகள் இருந்தன என்று வருவது ராபர்ட் ஃப்ராஸ்டின் 1923 கவிதை. பனி விழும் மாலையில் காட்டோரம் குதிரையை நிறுத்திய மனிதன். நேரு தன் கைப்பட எழுதி வைத்திருந்த வரிகள் என்பதால் இந்தியாவில் பள்ளிப்பிள்ளைகளுக்கும் தெரியும்.

நமக்கு அது கடமையின் கவிதையாகவே சொல்லித்தரப்பட்டது. காடு அழகானது, ஆனால் நான் போக வேண்டும். கோஹன் அதை ‘ஒருவேளை’ என்று தொடங்குகிறார். ஒருவேளை எனக்கும் வாக்குகள் இருந்திருக்கலாம், உயிரோடு இருப்பதற்காக எல்லாவற்றையும் தூக்கிப்போட்டுவிடுகிறோம் என்று போகிறது. ஃப்ராஸ்டின் மனிதன் காட்டை விட்டு வாக்கை நோக்கிப் போகிறான், கோஹனின் மனிதன் வாக்கை விட்டுவிட்டு ஆழத்தை நோக்கிப் போகிறான். ஃப்ராஸ்டின் குதிரை இங்கே காருக்கு இடம் விட்டிருக்கிறது, அதையும் கவனியுங்கள்.

அதே பாட்டில் மிச்சமிருக்கும் கப்பல்களை ஆசீர்வதித்துவிட்டு, தானும் உடைந்துபோகச் சம்மதிப்பதாக ஒரு காட்சி. எனக்கு அது ஆக்டியம் போல் தோன்றுகிறது. கி.மு. 31, ஆண்டனி கப்பல்படையை இழந்த கடற்போர். அது சரி என்றால் இரண்டாவது பாட்டிலேயே ஆண்டனி வந்துவிடுகிறான், ஏழாவதில் நகரத்தை இழக்கிறான். இது என் வாசிப்பு மட்டுமே. ஆனால் பூகி தெரு இதே பாட்டில் முதலில் எட்டிப்பார்த்துவிட்டு ஒன்பதாவதில் முழுப்பாட்டாக வருவதைப் பார்த்தால், பாட்டுகளுக்குள் இப்படி நூல் ஓடுவது தற்செயல் இல்லை.

சாம்பல்நிறம் எழுதியது:

ஒலிப்பெட்டி சொன்ன பதிவைக் கேட்டேன். அழகு. என் கருத்து மாறவில்லை, ஆனால் காரணத்தைத் தெளிவாகச் சொல்ல முடிகிறது.

கோஹனே இதைவிட நன்றாகச் செய்த இடம் இருக்கிறது. ஸ்பானியக் கவிஞர் லோர்கா. பதினைந்து வயதில் மான்ட்ரியாலில் ஒரு பழைய புத்தகக் கடையில் லோர்காவின் கவிதைகளைக் கண்டெடுத்தவர் அவர். மகளுக்கே லோர்கா என்று பெயர் வைத்தார். லோர்கா 1929-30-ல் நியூயார்க்கில் இருந்தபோது எழுதிய கவிதைகளில் ஒன்று ‘குட்டி வியன்னா வால்ட்ஸ்’. கோஹன் அதை மொழிபெயர்க்க 150 மணி நேரம் உழைத்ததாகச் சொல்லியிருக்கிறார். அது ‘டேக் திஸ் வால்ட்ஸ்’ ஆனது, 1988-ல் ‘ஐ’ம் யுவர் மேன்’ ஆல்பத்தில் வந்தது. அங்கே அவர் லோர்காவின் விசித்திரப் படிமங்களை விட்டுக்கொடுக்கவே இல்லை. புறாக்கள் சாகப் போகும் மரம், மரணம் அழ வரும் தோள், எல்லாம் இருக்கிறது. தன் குரலையும் சேர்த்தார், லோர்காவையும் குறைக்கவில்லை.

கவாஃபி விஷயத்தில் கோஹனுக்கு அந்தப் பொறுமை இல்லை என்பதுதான் என் வருத்தம். ‘பை த ரிவர்ஸ் டார்க்’கில் கின்னரம் காட்டிய திருப்பத்தை நான் முழுமனதோடு ஏற்கிறேன், ஏனென்றால் சங்கீதத்தின் சுமை முழுவதையும் தூக்கிக்கொண்டு திரும்புகிறார். ஆனால் அலெக்சாந்திரியாவின் சுமையில் பாதியை இறக்கிவைத்துவிட்டுத் திரும்புகிறார்.

நெய்தல் எழுதியது:

லோர்கா ஒப்பீடு நியாயமானது. ஆனால் அது மொழிபெயர்ப்பு, லோர்காவின் பெயரும் பாட்டோடு இருக்கிறது. இது மொழிபெயர்ப்பு அல்ல, பதில். மேலே நான் சொன்னதுதான்: அவன் தானே கெடுத்துக்கொண்ட திட்டங்கள். கவாஃபி ஆண்டனிக்குக் கண்ணியத்தைக் கொடுக்கிறார். கோஹன் கண்ணியத்தையும் கொடுத்து, பொறுப்பையும் தலையில் வைக்கிறார். அது கூடுதல் சுமை என்றுதான் நான் கணக்கிடுகிறேன். இதில் நாம் ஒத்துப்போக மாட்டோம், பரவாயில்லை.

வரிசையைப் பாருங்கள். ஆறில் பாபிலோன், ஏழில் அலெக்சாந்திரியாவின் நிழல், ஒன்பதில் சிங்கப்பூர், பத்தில் அமெரிக்கா. ஆல்பத்தின் பின்பாதி ஊர் ஊராக நகர்கிறது. நடுவில் எட்டாவது மட்டும் எந்த ஊரிலும் இல்லை.

பாதிவழி எழுதியது:

அந்த எட்டாவது, ‘யூ ஹேவ் லவ்ட் இனஃப்’, மும்பையில் இருக்கிறது என்பேன்.

1999-ல் மலையிலிருந்து இறங்கிய கோஹன் மும்பைக்கு வந்தார். அத்வைத குரு நிசர்கதத்த மகாராஜின் சீடரான ரமேஷ் பால்சேகரின் காலைப் பேச்சுகளைக் கேட்கத்தான். பால்சேகர் வங்கியில் மிகப்பெரிய பதவியில் இருந்து ஓய்வு பெற்றவர், தன் வீட்டிலேயே வந்தவர்களோடு பேசுவார். அவர் திரும்பத் திரும்பச் சொன்னது ஒன்றுதான்: செயல்கள் நடக்கின்றன, செய்பவன் என்று தனியாக ஒருவன் இல்லை. அத்வைதம் கேட்டு வளர்ந்தவர்களுக்குப் புதிதல்ல.

இப்போது பாட்டைக் கேளுங்கள். அன்பு செய்கிறவன் நான் அல்ல, அன்புதான் என்னைப் பிடித்துக்கொள்கிறது என்கிறான். கடைசியில் இன்னொரு குரல், நீ அன்பு செய்தது போதும், இனி நான் காதலனாக இருக்கிறேன் என்கிறது. காதலிக்கிறவன் என்ற வேலையே அவனிடமிருந்து எடுக்கப்பட்டுவிடுகிறது.

கின்னரம் எழுதியது:

பாதிவழி, ஒரு எச்சரிக்கை. பல வரிகள் பால்டி மலையிலேயே தொடங்கியவை. அதோடு வேதாகமத்தின் உன்னதப்பாட்டு காலத்திலிருந்தே கடவுள் காதலனாக வருவது யூத மரபில் உண்டு. பாரசீக சூஃபிக் கவிஞர் ரூமியையும் கோஹன் முன்பே படித்திருக்கிறார், 1979-ன் ‘த கெஸ்ட்ஸ்’ பாட்டு அந்த வாசிப்பிலிருந்து பிறந்தது. மும்பை ஒரு ஊற்று. ஒரே ஊற்று அல்ல.

ஆனால் உங்கள் குறிப்பு வேறொன்றைத் திறக்கிறது. செய்பவன் இல்லை என்ற போதனையைக் கேட்டுவிட்டு வந்த அதே மனிதன், ஏழாவது பாட்டில் காரண காரியத்தின் பின்னால் ஒளியாதே என்கிறான். எல்லாம் தானாக நடந்தது என்று சொல்லிவிட்டால் ஆண்டனிக்கு எவ்வளவு வசதி! அந்த வசதியை அவனுக்குக் கொடுக்க மறுக்கிறது ஏழாவது. எட்டாவதில் அதே சரணாகதி கிருபையாக வருகிறது. ஏழும் எட்டும் அடுத்தடுத்து நிற்பது எனக்கு இப்போதுதான் உறைக்கிறது. முதலில் பொறுப்பை ஏற்றுக்கொள், பிறகு உன்னிடமிருந்து அது எடுக்கப்படும். வரிசை மாறினால் அது வெறும் சாக்கு.

மழைநாள் எழுதியது:

கின்னரம் அண்ணா, ஏழும் எட்டும் பற்றி எழுதியதற்காகவே இந்த இழைக்கு நன்றி. கடைசிப் பாட்டு ‘த லேண்ட் ஆஃப் ப்ளென்டி’ பற்றி யாரும் சொல்லவில்லையே? அதில் கிறிஸ்து வருகிறார் இல்லையா?

கின்னரம் எழுதியது:

வருகிறார், இதயத்தின் குகைகளிலிருந்து இன்னும் உயிர்த்தெழாத கிறிஸ்துவாக. 17-ஆம் நூற்றாண்டு ஜெர்மன் கவிஞர் ஆங்கெலுஸ் சிலேசியுஸ், கிறிஸ்து ஆயிரம் முறை பெத்லகேமில் பிறந்தாலும் உனக்குள் பிறக்காவிட்டால் பயனில்லை என்று எழுதினார். அதற்கு நெருக்கமான நினைப்பு, பிறப்புக்குப் பதில் கல்லறை. கோஹன் அதை நேரடியாக எடுத்தார் என்று சொல்ல மாட்டேன். ஆனால் ஒரு யூதர் கிறிஸ்துவின் பெயரால் வளமான தேசத்துக்காக இறைஞ்சுவது எனக்குப் பெரிதாகப் படுகிறது. தன்னை யார் அனுப்பினார்கள் என்றே தெரியவில்லை என்று தொடங்கி, அந்தத் தேசத்தின் விளக்குகள் ஒருநாள் உண்மையின்மேல் விழட்டும் என்கிறார். ஆல்பம் வெளிவந்தது செப்டம்பர் 11 நடந்து நான்கு வாரம் ஆனபோது. பாட்டு அதற்கு முன்பே எழுதி முடித்தது. அன்று கேட்டவர்கள் வேறு விதமாகக் கேட்டிருக்க வழியே இல்லை.

எரேமியாவின் கடிதம் நினைவிருக்கிறதா? நீங்கள் சிறைப்பட்டிருக்கும் பட்டணத்துக்காக ஜெபம் பண்ணுங்கள். ஆறாவது பாட்டில் பாபிலோனை மறக்க மாட்டேன் என்றவர் பத்தாவதில் அதற்காக ஜெபிக்கிறார்.

சாம்பல்நிறம் எழுதியது:

இதை ஏற்கிறேன். யாராவது 2004-ன் ‘டியர் ஹெதர்’ பற்றித் தனி இழை தொடங்குங்கள். அதில் ஆங்கிலக் கவிஞர் பைரனின் கவிதையைப் பாடி, கனடியக் கவிஞர் இர்விங் லேட்டனுக்குச் சமர்ப்பிக்கிறார், மெக்கில் பல்கலைக்கழகத்தில் தனக்குச் சட்டம் சொல்லித்தந்த எஃப். ஆர். ஸ்காட்டின் கவிதையை வாசிக்கிறார். அங்கே எதையும் திருப்பவில்லை, அப்படியே கொடுக்கிறார். நெய்தலின் வாதம் அங்கே என்ன ஆகிறது என்று பார்க்க ஆவல்.

நெய்தல் எழுதியது:

தொடங்குகிறேன், சாம்பல்நிறம். ஞாயிற்றுக்கிழமைக்குள் பைரனை ஒருமுறை படித்துவிட்டு வருகிறேன். ஒலிப்பெட்டி, அந்த ஆல்பத்தின் இசையைப் பற்றி நீங்கள்தான் எழுத வேண்டும்.